உப்புக்காற்றில் செராமிக் கோட்டிங்: இரண்டு வருட அனுபவம்

மண்டபத்திலிருந்து:

காருக்குச் செராமிக் கோட்டிங் போடலாமா, காசு வீணா என்று அடிக்கடி கேட்கிறீர்கள். பெயிண்ட்டுக்குக் காவலாக மேலே பூசிக் காயவிடும் மெல்லிய படலம்தான் அது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே நாலைந்து தென்னை மரம்தான். வண்டி கருநீலம். விடிந்ததும் பானட்டில் விரலை இழுத்தால் பிசுபிசுவென்று ஒட்டும், நாக்கில் வைத்தால் கரிக்கும். ஆடிக் காற்று பிடித்துவிட்டால் மணலும் சேர்ந்துகொள்ளும். தண்ணீர் ஊற்றாமல் அதன்மேலேயே துணியைப் போட்டுத் துடைத்துத் துடைத்து, ஒரே வருடத்தில் வெயிலில் பார்த்தால் சிலந்திவலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல்.

மதுரையில் ஒரு கடையில் கொடுத்தேன். 24,000 ரூபாய், மூன்று நாள். கூடவே நின்று பார்த்தேன். அதில் இரண்டரை நாள் கோட்டிங் பாட்டிலையே திறக்கவில்லை. முதலில் கழுவினார்கள். பிறகு ஒரு மருந்தை அடித்தார்கள், கதவின் அடிப்பக்கத்திலிருந்து ஊதா நிறத்தில் வழிந்தது. "ரயில் பாதைப் பக்கம் வண்டி நிக்குமாண்ணே? இதெல்லாம் இரும்புத் தூளு"ன்னார் அந்தத் தம்பி. என் வீடு ஸ்டேஷனுக்குப் பக்கம்தான். அப்புறம் கையில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பானட்டைத் தடவச் சொன்னார். கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரிந்த இடம் உப்புத்தாள் மாதிரி சொரசொரத்தது. வண்டி பெயிண்ட்டுக்கென்றே விற்கும் 'க்ளே' என்ற களிமண் மாதிரிக் கட்டியைத் தேய்த்து எடுத்தபின் அதே இடத்தில் கை வழுக்கிக்கொண்டு போனது. அழுக்கை எடுக்காமல் கோட்டிங் போட்டால் அழுக்கோடு சேர்த்துத்தான் பூட்டுகிறோம். கடையில் பேரம் பேசும்போது விலையை விட இந்த வேலைக்கு எத்தனை நாள் என்று கேளுங்கள்.

கீறல் எடுக்கப் பாலிஷ் போடும்போது ஒன்றை ஞாபகம் வைக்க வேண்டும். நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). ஒவ்வொரு பாலிஷும் அதைக் கொஞ்சம் தின்னும். அதன்மேல் ஏறுகிற செராமிக் ஒன்றிரண்டு மைக்ரான் இருந்தால் பெரிது. கோட்டிங் எவ்வளவு கடினம் என்பதற்கு '9எச்' என்று சொல்வது பென்சில் கீறல் சோதனையின் அளவு. கல் தெறித்தாலும் சாவி உரசினாலும் அது தாங்காது. அதற்குப் பெயிண்ட்டின் மேல் ஒட்டும் பிபிஎஃப் என்ற பிளாஸ்டிக் ஃபிலிம்தான் வேண்டும், அது 150 மைக்ரானுக்கு மேல் தடிமன், விலையும் அப்படித்தான்.

என் தப்பு வீட்டுக்கு வந்தபின் நடந்தது. ஒரு வாரம் கழுவாதீர்கள் என்றார்கள், கழுவவில்லை. எட்டாம் நாள் உச்சிவெயிலில் போர் தண்ணீரைப் பிடித்து அடித்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்தால் பானட் முழுக்க வெள்ளை வெள்ளையாக வளையம். வயிறு எரிந்தது. கோட்டிங் போட்ட வண்டியில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். நம்ம ஊர்த் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம், ஒவ்வொரு முத்தும் காய்ந்த இடத்தில் அதை விட்டுவிட்டுப் போகும். வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து அரை நிமிடம் வைத்துக் கழுவினேன், போய்விட்டது. விட்டு வைத்தால் அரித்துவிடும்.

குடிக்கிற காவிரித் தண்ணீரில் வண்டி கழுவ எனக்கு மனசு வரவில்லை. ஐப்பசி மழையை மாடியிலிருந்து ட்ரம்மில் பிடித்து வைக்கிறேன். மழைத்தண்ணீர் காய்ந்தால் கறை அவ்வளவாக நிற்காது. போர் தண்ணீரில் மணலை அடித்துவிட்டு, கடைசிக்கு இரண்டு வாளி மழைத்தண்ணீர், வெயில் ஏறுமுன் மைக்ரோஃபைபர் துணியில் ஒற்றி எடுப்பது. இருபது நிமிட வேலை. முன்பு ஒரு மணி நேரம் தேய்ப்பேன். கோட்டிங்கால் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான்.

துருவுக்கு என்று போடுகிறவர்களுக்கு ஒன்று. 2017ல் ரோடு திறந்ததிலிருந்து விருந்தாளி வந்தால் தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனைக்குத்தான் கூட்டிப் போகிறோம். இரண்டு பக்கமும் கடல், காற்றடித்தால் ரோட்டுக்கே சாரல் வரும். போன சர்வீஸில் வண்டியைத் தூக்கியபோது அடியில் போல்ட்டுகளும் மடிப்புகளும் செம்பழுப்பு. மேலே கண்ணாடி மாதிரி இருக்கிறது, கீழே துரு. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்கு மேலே துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பெயிண்ட் அடித்ததோடு விடவில்லை, கான்கிரீட்டுக்கு உள்ளே போகும் கம்பியையும் துருப்பிடிக்காத எஃகில் போட்டிருக்கிறார்கள். நான் முதலில் அடிப்பக்கத்துக்கு ஆன்டி ரஸ்ட் அடித்துவிட்டு, மிச்சக் காசில் மேலே போட்டிருக்க வேண்டும். கதவின் கீழ் விளிம்பில் தண்ணீர் வடியும் ஓட்டைகளையும் பாருங்கள். என் வண்டியில் மணல் அடைத்திருந்தது, ஈர்க்குச்சியால் குத்தி எடுத்தேன்.

தங்கச்சிமடத்திலிருந்து:

அண்ணே, நானும் ஏமாந்தேன். நம்ம பக்கத்துலயே ஒரு கடையில, தகரக் கொட்டாயில வச்சு சாயங்காலம் போட்டாங்க. கடக்காத்து அப்படியே ஈரமா வருது, மருந்த சரியான நேரத்துல தொடச்சு எடுக்கல. மறுநாள் கதவுல எண்ணெய் சிந்துன மாதிரி வானவில் கலருல திட்டுத்திட்டா நிக்குது. காஞ்சு இறுகிருச்சு, திரும்பப் பாலிஷ் போட்டுத்தான் எடுக்கணும்னுட்டாங்க. டாக்சி ஓட்டுறவன் நாலு நாள் வண்டிய நிறுத்துனா பொழப்பு என்னாகுறது? இப்ப ரெண்டு மாசத்துக்கு ஒருக்க வேக்ஸ் போடுறேன். காக்கா எச்சத்த மட்டும் அன்னன்னிக்கே நனைச்சு எடுத்துர்றேன், வெயில்ல காஞ்சா பெயிண்ட்டு வெந்துருது.

கீழக்கரையிலிருந்து:

வாப்பா ஊருக்கு வரும் வரைக்கும் வண்டி நிற்கட்டும் என்று ஆறு மாதம் கவர் போட்டு மூடி வைத்தோம். காற்றில் கவர் அடித்து அடித்து, உள்ளே புகுந்த மணல் நாலு மூலையையும் மங்கலாக்கிவிட்டது. மூடுவதாக இருந்தால் கழுவிவிட்டு, காற்றுப் படாத இடத்தில் மூடுங்கள்.

மண்டபத்திலிருந்து:

தங்கச்சிமடம் தம்பி, மொத்தக் கதவையும் பாலிஷ் போட விடாதே. திட்டு இருக்கிற இடத்தில் மட்டும் கையால் போட்டுப் பார்க்கச் சொல். ஞாயிற்றுக்கிழமை சவாரி இல்லையென்றால் விடியக்காலையில் வண்டியோடு வா. ட்ரம்மில் பாதி மழைத்தண்ணீர் இருக்கிறது.