புதுப்பிப்பு: அப்பாவுக்கு எல்லாம் இரண்டாகத் தெரிந்ததற்குக் காரணம் தெரிந்துவிட்டது

குலசேகரத்தில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் என் அப்பாவுக்கு ஒரு மரம் இரண்டாகத் தெரிகிறது, கண்ணாடியை மாற்றினால் போதுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னீர்கள். எந்தக் கண்ணை மூடினாலும் மரம் ஒன்றாகிவிட்டது. அதாவது கோளாறு பவரில் இல்லை, இரண்டு கண்ணும் சேர்ந்து திரும்பவில்லை. புதுக் கண்ணாடிக்காக அலைந்த 10 நாளை நினைத்தால் இன்னும் வருத்தம்.

நாகர்கோவிலில் காட்டினோம். இடது கண் வெளிப்பக்கம் திரும்பவே இல்லை. மூளையிலிருந்து நேராக வரும் கபால நரம்புகளில் ஆறாவது தளர்ந்திருக்கிறது. கண்ணைக் காதுப் பக்கம் இழுக்கும் தசையை இயக்குவதுதான் அந்த நரம்பின் வேலை. பக்கத்தில் படிக்கக் கண்கள் மூக்குப் பக்கம் திரும்பினால் போதும், தூரத்தைப் பார்க்க வெளிப்பக்கம் விலக வேண்டும். அதனால்தான் பேப்பர் படிக்க முடிந்தது, தூரத்துப் பஸ் மட்டும் இரண்டாக வந்தது. ஸ்கேனில் வேறு எதுவும் இல்லை. பல வருடச் சர்க்கரையால் நரம்புக்கு ரத்தம் குறைந்திருக்கலாம், பெரும்பாலும் 3 மாதத்தில் சரியாகும் என்றார் டாக்டர்.

அவர் முதலில் பார்த்தது இமையையும் கண்மணியையும்தான். இமை தொங்கிக் கண்மணியும் விரிந்திருந்தால் அது மூன்றாவது கபால நரம்பின் கோளாறு. மூளையில் ரத்தக்குழாய் வீங்கி அழுத்தலாம், உடனே ஓட வேண்டும். பார்வை நரம்பு அழற்சி வேறு: கண்ணை அசைத்தால் வலிக்கும், அந்தக் கண்ணுக்குச் சிவப்பு நிறம் வெளிறித் தெரியும்.

இப்போது 5 வாரம். நேராகப் பார்த்தால் ஒன்று, இடப்பக்கம் பார்த்தால் மட்டும் இரண்டு. பைக் சாவி இன்னும் என்னிடம்தான்.