வன்னியில் விதைக்கிறவர்கள், சமைக்கிறவர்கள், மாடு வளர்க்கிறவர்கள்: பட்டதை எழுதுங்கோ

குளத்தடியான், கிளிநொச்சி

நானே தொடங்குகிறேன். 2021 காலபோகம் (மாரி மழையை நம்பி விதைக்கும் பெரும்போகம்) என்றால் எனக்கு ஒரு சாக்குத்தான் ஞாபகம் வரும். சேதனப் பசளை, அதாவது இயற்கை உரம், என்று தந்த சாக்கு. அவிழ்த்துக் கொட்டினால் மண், சிறுகல், கிழிந்த பொலித்தீன், நடுவில் ஒரு பற்பசை மூடி. மனிசி அந்த மூடியை எடுத்து வரம்பில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டா.

அந்த வருடம் மே மாதம் இலங்கை அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தது. அதற்கு முதல் காலபோகத்தில் நெல்லுக்கு யூரியா இலவசம். தந்த கையே பிறகு அதை நஞ்சு என்றது. நான் சேதனப் பசளைக்கு எதிரி இல்லை. அப்பு காலத்தில் வயலில் மாட்டுப்பட்டி அடைத்துத்தான் விதைத்தார்கள். ஆனால் அப்போது விதைத்தது மொட்டைக்கறுப்பன். உயரமாக வளரும், குறைவாக விளையும், பெரிதாக எதுவும் கேட்காது. இப்போது நாங்கள் விதைப்பது மூன்றரை மாத நெல். யூரியா போட்டால்தான் அது தன் விளைச்சலைக் காட்டும். பசளையை மாற்றச் சொன்னவர்கள் விதையைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

செப்டெம்பர் கடைசியில் புழுதியில் விதைத்தேன். பயிர் மஞ்சளித்தது. இந்தியாவிலிருந்து வந்த நனோ நைதரசன் திரவத்தையும் அடித்துப் பார்த்தோம். நவம்பர் பிற்பகுதியில் தடையை எடுத்தார்கள். அந்தச் செய்தி வந்தபோது என் வயல் குடலைப் பருவம், கதிர் தண்டுக்குள்ளே திரண்டுவிட்டது. பந்தி முடிந்தபிறகு இலை போட்ட மாதிரி. ஏக்கருக்கு 25 மூடை காணும் வயலில் 11 மூடை அள்ளினேன். அடுத்த சிறுபோகத்தில் (கோடையில் குளத்துத் தண்ணீரில் விதைக்கும் போகம்) இந்தியக் கடனில் வந்த யூரியா மூடை 10,000 ரூபா. அதையும் வரிசையில் நின்றுதான் வாங்கினோம்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், முடிவெடுக்கத் தெரியாத ஆட்கள் இல்லை நாங்கள். ஒவ்வொரு வருடமும் சிறுபோகக் கூட்டம் வைக்கிறோம். எங்கள் இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, அதற்கு எத்தனை ஏக்கர் தாங்கும், யாருக்கு எவ்வளவு பங்கு என்று சண்டை பிடித்தாவது முடிவாகும். பேந்து களவாக விதைக்கிறவனும் இருக்கிறான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் கணக்கு விதைப்புக்கு முன்னே நடக்கிறது, தண்ணீரைப் பார்த்து நடக்கிறது. பசளைத் தடையை எந்தக் குளத்தைப் பார்த்து, எந்தப் போகத்தைப் பார்த்துப் போட்டார்கள்?

மற்றவர்களும் எழுதுங்கோ.

பாலைப்பழம், முல்லைத்தீவு

அண்ணை, நீங்கள் வயலில் பட்டது எனக்கு அடுப்படியில் வந்தது. 2022இல் என் இளையவனுக்கு இரண்டு வயது. கிளினிக்கில் ஒவ்வொரு மாதமும் திரிபோஷா என்ற சத்துமா தருவார்கள். அந்த வருடம் நின்றுபோனது. அதில் சேரும் சோளத்தில் பூஞ்சண நச்சுப் பிரச்சினை என்று பிறகு அறிந்தோம். பால்மா வாங்கவும் வழியில்லை. நிறை அட்டையில் அவனுடைய கோடு பச்சையிலிருந்து கீழே இறங்கத் தொடங்கியது.

அம்மாதான் குரக்கனையும் பயறையும் உழுந்தையும் வறுத்து, மில்லில் திரித்துத் தந்தா. மில்காரர் மிளகாய்த்தூள் திரித்த கையோடு திரிக்கப் பார்த்தார். அம்மா அவரோடு பிடித்த சண்டையை இங்கே எழுத முடியாது. கஞ்சியில் முருங்கையிலையும் போடுவோம். இரண்டு மாதத்தில் கோடு நிமிர்ந்தது.

குரக்கனை ஊரில் தேடித்தான் எடுக்கவேண்டியிருந்தது. உழுந்து இறக்குமதியை நிறுத்திய காலத்தில் விலை ஏறியதும் எங்கள் பக்கம் நிறையப் பேர் உழுந்து போட்டார்கள். அறுவடை நேரத்து மழை பலருக்குக் காய்ந்த காயை முளைக்க வைத்தது. தப்பியவர்களும் விற்றார்களே தவிர வீட்டுக்கு எடுத்து வைக்கவில்லை. கடன் இருந்தால் யார் வைப்பார்கள்?

பட்டிக்காரன்

எனக்கு எழுத வராது, சுருக்கமாகச் சொல்கிறேன். 2022 டிசம்பர் மாண்டஸ் புயல் நேரம். வெள்ளம் இல்லை, பெரிய மழைகூட இல்லை. குளிர்க்காற்று மட்டும். எங்கள் மாடுகள் வெட்டை வெளியில் படுக்கிறவை. வயல் எல்லாம் விதைத்துக் கிடந்ததால் மேய்ச்சலும் குறைவு, எலும்பும் தோலுமாக நின்றன. விடிய எழும்பிப் பார்க்க 14 மாடு விறைத்துக் கிடந்தது. கன்றுகள்தான் கூட. வடக்கிலும் கிழக்கிலும் அப்படி நூற்றுக்கணக்கில் செத்தன.

செத்த மாடுகளைப் பதிய வந்த ஐயா காதில் இலக்கத்தகடு இருக்கிறதா என்று கேட்டார். நாலுக்கு இருந்தது. மேய்ச்சல் தரை ஒதுக்குங்கோ என்று எத்தனை வருடமாகக் கேட்கிறோம்! காட்டுக்குள் விட்டால் அது காடு என்கிறார்கள், வயலுக்குள் விட்டால் வழக்கு. சேதனப் பசளை வேண்டும் என்றவர்கள் எரு எதிலிருந்து வருகிறது என்று நினைத்தார்களோ தெரியாது.

குளத்தடியான்

பட்டி அண்ணை, அந்தக் கடைசி வரியை அப்போதே யாராவது மேசையில் அடித்துச் சொல்லியிருக்கவேண்டும்.

இவ்வளவு வருடமும் சிறுபோகக் கூட்டத்தில் நெல்லுக்கு எத்தனை ஏக்கர் என்றுதான் கதைத்திருக்கிறோம். மிச்சத் தண்ணீரில் பயறு, உழுந்து, குரக்கன் எவ்வளவு, அதில் ஊர்ப் பிள்ளைகளுக்கு எவ்வளவு நிற்கும், அறுத்த வயலில் மாடு எப்போது இறங்கலாம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை, பொய் சொல்லக்கூடாது. இந்த முறை கமக்காரர் அமைப்பில் எழுதிக் கொடுக்கப்போகிறேன். தங்கச்சி, அந்த நிறை அட்டையின் படம் ஒன்று எடுத்து அனுப்புங்கோ. பட்டி அண்ணை, நீங்கள் நேரே வாங்கோ. கூட்டம் ஒன்பது மணி என்றுதான் போடுவார்கள். பத்தரைக்கு வந்தால் காணும்.