கத்தீட்ரல், பசிலிக்கா: இரண்டுக்கும் ‘பேராலயம்’ போதுமா?

> கலைச்சொல் பட்டியலில் இரண்டுக்கும் ‘பேராலயம்’ என்றே இருக்கிறது. பெரிய கோயில் என்பதுதானே பொருள்?

இல்லை ஐயா, கத்தோலிக்க ஆலயங்களுக்கு அளவைப் பார்த்து வைத்த பெயர்கள் அல்ல இவை. எடுத்துக்காட்டு எங்கள் மாவட்டத்துப் பக்கமே இருக்கிறது. ஆயரின் (பிஷப்பின்) இருக்கை தஞ்சாவூர் திரு இருதய ஆலயத்தில் இருப்பதால் அது கத்தீட்ரல். அதே மறைமாவட்டத்து, அதாவது அதே ஆயரின் ஆளுகைப் பகுதியிலுள்ள, வேளாங்கண்ணியில் எத்தனை கூட்டம் அலைமோதினாலும் அது கத்தீட்ரல் ஆகாது. திருத்தந்தை (போப்) 23ஆம் யோவான் 1962இல் அதற்கு வழங்கியது பசிலிக்கா என்ற சிறப்புத் தகுதி. பூண்டி மாதா கோயிலுக்கு அது 1999இல் கிடைத்தது.

கத்தீட்ரலின் வேர் ‘கதெட்ரா’, கிரேக்கத்தில் இருக்கை. ‘ஆயரிருக்கைக் கோயில்’ என்பேன். கொஞ்சம் நீளம்தான், ஆனால் விளக்கக் குறிப்பு வேண்டியதில்லை.

பசிலிக்காவின் கதை சுவையானது. கிரேக்கத்தில் ‘பசிலெயுஸ்’ என்றால் அரசன். அதிலிருந்து வந்தது இந்தச் சொல். ரோமானியர்களிடம் அது வழக்கும் வணிகமும் நடந்த நீண்ட பொதுமண்டபம். சாமி கும்பிடும் இடம் அன்று. நான்காம் நூற்றாண்டில், கான்ஸ்டன்டைன் காலத்தில், கிறித்தவர்கள் அந்த மண்டப அமைப்பிலேயே ஆலயங்கள் எழுப்பினார்கள். பெயரும் கூடவே வந்துவிட்டது. நம் சொல்லைப் பாருங்கள்: கோ + இல், அரசனின் வீடு! ‘மாதா கோயிலுக்குப் போகிறேன்’ என்று பஸ் ஏறும் பாட்டி, யாரும் கேட்காமலே பசிலிக்காவை மொழிபெயர்த்துவிட்டார்.

> அப்படியானால் பசிலிக்காவைக் ‘கோயில்’ என்றே விட்டுவிடலாமே?

ஆசைதான். ஆனால் ஊர்க்கோடியில் ஓடு வேய்ந்து நிற்பதும் கோயில்தானே? ‘அரசுக் கோயில்’ என்றால் அறநிலையத் துறை நினைவுக்கு வரும். பசிலிக்காவின் அடையாளங்களில் ஒன்று, பாதி விரிந்த, சிவப்பும் பொன்னுமான பட்டுக் குடை. சாமி புறப்பாட்டுக் குடையைப் பார்த்து வளர்ந்த எனக்கு ‘குடைக்கோயில்’ என்று நாக்கு நுனிவரை வந்தது. குடைவரைக் கோயில் என்று படித்துவிடுவார்களே என்று விழுங்கிவிட்டேன்.

எனவே வேளாங்கண்ணியோடு ஊறிப்போன ‘பேராலயம்’ பசிலிக்காவுக்கு மட்டும் இருக்கட்டும். கத்தீட்ரலைப் பிரித்துவிடுவோம். சென்னை சாந்தோம் ஆலயம் இரண்டு தகுதியும் உடையது. அங்கே இரண்டு சொல்லையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். தலைப்பில் இடம் பிடிப்பது பத்திரிகைக்காரர்கள் பாடு.