பாஸ்கெட்பால் ஆடறவங்களே, பால் ஸ்க்ரீன்ல (பந்து வச்சிருக்கறவனைத் தடுக்கறவன் வழியை அவன் டீம்காரன் ஒருத்தன் வந்து உடம்பால மறிச்சு நிக்கறது) செம அடி வாங்கின கதை இருந்தா சொல்லுங்க

நானே ஆரம்பிக்கறேன். நான் கார்டு, அதாவது வெளிவட்டத்துல ஆடறவன். குனிஞ்சு பந்து வச்சிருக்கறவன் இடுப்பை மட்டும் பாத்துட்டு நின்னேன், அவன் வலது பக்கம் பந்தைத் தட்டி ஒரு டிரிபிள் போட்டான், நானும் கூடவே நகர்ந்தேன், அவ்ளோதான், சுவத்துல மோதின மாதிரி ஒரு இடி, மூச்சே நின்னுடுச்சு. எழுந்து பாக்கறதுக்குள்ள கூடைக்குக் கீழ போய் லேஅப் போட்டு முடிச்சிட்டான். ரெஃபரிகிட்ட கத்தினேன், அவர் கண்டுக்கல. நின்னுட்டிருக்கறவனுக்கு முதுகுக்குப் பின்னாடி வந்து ஸ்க்ரீன் வச்சாதான் ஒரு ஸ்டெப் இடம் விடணும், இவன் நான் நகர்றதுக்கு முன்னாடியே பக்கவாட்டுல வந்து ஆடாம அசையாம நின்னிருக்கான், சுத்தமான ஸ்க்ரீன். என் கடுப்பெல்லாம் எங்க பிக் மேன் (கூடைகிட்ட ஆடற உயரமான ஆளு) மேலதான். அவன் தடுக்க வேண்டிய ஆளுதான் ஸ்க்ரீன் வைக்க வர்றான், வாயே திறக்கல! கேட்டா "நீ பாத்திருப்பேன்னு நினைச்சேன்"ங்கறான்.

இப்பல்லாம் வலது பக்கம் ஸ்க்ரீன் வருதுன்னு "ஸ்க்ரீன் ரைட்"னு பிக் மேன் குரல் வந்த உடனே பந்துக்காரனோட ஒட்டிக்கிட்டு, ஸ்க்ரீனர் காலுக்கு முன்னாடி என் காலை நுழைச்சு, தோளைத் திருப்பி ஒடுங்கி வெளிய வந்துடறேன். குரல் அரை செகண்ட் லேட்டானாலும் காலி.

—

அந்த வாய் திறக்காத பிக் மேன் கூட்டம்தான் நானு, அடிக்காதீங்க 😀 எங்க கோச் டிராப் ஆடச் சொன்னாரு, அதாவது நான் மேல ஏறாம பெயிண்ட்கிட்டயே (கூடைக்கு முன்னாடி இருக்கற கட்டம்) நிக்கணும், கார்டு ஸ்க்ரீனுக்கு மேல சுத்தி வந்து பின்னாலேர்ந்து விரட்டணும். நடு தூரத்துலேர்ந்து போடற மிட்ரேஞ்ச் ஷாட்டை விட்டுக்கொடுத்து, கூடைகிட்ட போடறதையும் மூணு பாயிண்ட் ஷாட்டையும் தடுக்கற கணக்கு. எங்க கார்டு சோம்பேறித்தனமா ஸ்க்ரீனுக்குக் கீழ, அண்டர்ல போனான், பந்துக்காரன் நிதானமா நின்னு மூணு பாயிண்ட் போட்டான். அடுத்த தடவை பயந்து நான் மேல ஏறினேன், என் தலைக்கு மேல பாஸ் போயி, ஸ்க்ரீன் வச்சிட்டு கூடையைப் பாத்து ஓடின (ரோல் பண்ண) ஆளு ஈஸியா முடிச்சான். திட்டு மட்டும் எனக்கு.

—

நாங்க டிராப் சரிவரலன்னு பந்துக்காரனை ரெண்டு பேரா பாய்ஞ்சு மடக்கினோம். NBA-ல ஸ்டெஃப் கரியை ரெண்டு பேர் மடக்கினா பந்து அவர் டீம்மேட் டிரேமண்ட் க்ரீன்கிட்ட போய், மீதி ஆட்டம் நாலு பேருக்கு மூணு பேர்னு ஆகும்ல, அதே கதைதான், ஃப்ரீ த்ரோ லைன்கிட்ட ஒருத்தன் பந்தை வாங்கிட்டு யாருக்குக் குடுக்கலாம்னு சாவகாசமா பாக்கறான். மடக்கறது தப்பில்ல, மீதி மூணு பேரும் முன்னாடியே உள்ள நகர்ந்திருக்கணும். எங்க மூணு பேரும் அவங்கவங்க ஆளைக் கட்டிப்பிடிச்சிட்டு வேடிக்கை பாத்தாங்க.

—

மேல சொன்ன கார்டு, "ஸ்க்ரீன்"னு கத்தற அந்தக் குரலை ப்ராக்டிஸ்லயே பழக்குங்க, மேட்ச்ல திடீர்னு வராது. எங்க பிக் மேன் இப்ப ஸ்க்ரீனே வராதப்பவும் கத்தறான், அது வேற தொல்லை.