மறைந்திருக்கும் அனுமானம்: கடைசி ரெண்டு ஆப்ஷனில் எது?

ஜிமேட் (எம்பிஏ போன்ற மேலாண்மைப் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வு) பயிற்சிக் கேள்வி: "ஹெல்மெட் கட்டாயமானதும் பைக் விபத்து மரணங்கள் குறைந்தன, ஆகவே ஹெல்மெட்தான் காரணம்." இந்த வாதம் வெளியே சொல்லாமல் நம்பியிருக்கும் அனுமானம் எது? ஐந்து ஆப்ஷனில் எனக்கு மிஞ்சியவை இரண்டு:
அ) ஹெல்மெட் மட்டுமே மரணத்தைக் குறைக்கும்.
ஆ) அதே காலத்தில் பைக் ஓட்டுவோர் எண்ணிக்கை வெகுவாகக் குறையவில்லை.
விடை ஆ. அ ஏன் தப்பு?

பதில் 1: ஒவ்வொரு ஆப்ஷனையும் மறுத்துப் பாருங்க. எதை மறுத்தா வாதம் விழுதோ அதுதான் அனுமானம். ஆ-வை மறுத்தா, ஓட்டுறவங்களே வெகுவா குறைஞ்சிட்டாங்கன்னு ஆகுது. வாதம் அங்கேயே படுத்துடும். அ-வை மறுத்தா "வேறு வழிகளும் உண்டு". இருக்கட்டுமே, இந்தத் தடவை ஹெல்மெட் காரணமா இருக்க அது தடையில்லையே.

பதில் 2: மறுக்கும்போது அளவு கவனம். "எல்லோரும் அணிகிறார்கள்" என்பதன் மறுப்பு "சிலராவது அணிவதில்லை". "யாருமே அணிவதில்லை" அல்ல. நிறைய பேர் சறுக்குறது இங்கேதான்.

பதில் 3: அஞ்சு ஆப்ஷனையும் இப்படி மறுத்துப் பார்த்தா நேரம் போயிடும். முடிவு வாக்கியத்தைத் தொடாததை முதல்ல கழிச்சுட்டு, மிஞ்சுறதுக்கு மட்டும் செய்யுங்க. "மட்டுமே", "எப்போதும்" வந்தா சந்தேகப்படலாம். ஆனா முடிவே அவ்வளவு அழுத்தமா இருந்தா அதுவே விடையாகவும் இருக்கும்.