கார்டும் டேக்கிளும் சேர்ந்து தள்ளினா எப்படி நிக்கிறது?

வைகை வடகரை:
எல்லாருக்கும் வணக்கம். மதுரையில அமெரிக்கன் ஃபுட்பால் பழகுற காலேஜ் பசங்க நாங்க. முக்காவாசிப் பேர் கபடியில இருந்து வந்தவங்க. நான் டிஃபன்சிவ் டேக்கிள் (தடுக்கிற அணியோட முன்வரிசையில நடுவுல நிக்கிறவன்), 5 அடி 10 அங்குலம், 96 கிலோ. எதிரணி முன்வரிசையில நடு ஆளுக்கு அடுத்து நிக்கிற கார்டோட வெளித்தோளுக்கு நேரா, த்ரீ டெக்னிக்ல நிக்கிறேன். கார்டு ஒத்தையா வந்தா சமாளிச்சிடுறேன். அவனும் அவனுக்கு வெளிப்பக்கம் நிக்கிற அவங்க டேக்கிளும் சேர்ந்து டபுள் டீமா வந்தா, மூணாவது எட்டுல எனக்குப் பின்னால நிக்கிற எங்க லைன்பேக்கர் மேலயே போய் விழுறேன். சுழன்று வெளிய வந்தா, நான் விட்டுட்டு வந்த இடத்துலயே பந்து போயிடுது. கையை கார்டு மேல போடணுமா, டேக்கிள் மேல போடணுமா? முட்டியை ஊனிடுன்னு சிலர் சொல்றாங்க, அது சரியா? எங்ககிட்ட ஸ்லெட் (தள்ளிப் பழகுற கனமான சட்டம்) கிடையாது. நாலு ஷீல்டு (கையில பிடிக்கிற மெத்தை), ரெண்டு பழைய லாரி டயர், அவ்வளவுதான்.

கோரிப்பாளையம் 75:
தம்பி, உடம்புல ஊறிக் கிடக்கிற கபடிப் பழக்கத்தை முதல்ல மாத்தணும். பாடிப் போறவனை ரெண்டு பேர் அமுக்கினா, எப்படியாவது திமிறி நடுக்கோட்டைத் தொடுறதுதான் அவன் வேலை. இங்க கணக்கு தலைகீழ். உன் ஒருத்தன் மேல ரெண்டு பேர் செலவானா, நம்ம ஆளுங்கள்ல ஒருத்தன் மேல கை வைக்க அவங்ககிட்ட ஆள் இல்ல. அதனால அந்த ரெண்டு பேரும் உன்னை விட்டுப் போகாம இருக்கிறதுதான் உனக்கு வேணும். பிளே முடியும்போது ஸ்கிரிமேஜ் கோட்டுலயே (பந்து வச்சுத் தொடங்குற கோடு) நீ கிடந்தா வேலை முடிஞ்சுது, பந்துக்காரனை வீழ்த்தின கணக்குல உன் பேர் வராட்டியும் சரி. சுழல்றதை இன்னையோட விட்டுடு. முதுகைக் காட்டின நொடியே கார்டுக்கும் டேக்கிளுக்கும் நடுவுல இருக்கிற பி கேப் திறந்துடுது, அது உன் பொறுப்புல உள்ள கேப்.

ஸ்னாப் ஆகும்போது, அதாவது பந்து பின்னால போய் ஆட்டம் தொடங்கும்போது, கண்ணு கார்டோட ஹெல்மெட் மேல, டேக்கிள் கடைக்கண்ல. கார்டு உன் மேல நேரா ஏறுறான், டேக்கிளும் உள்பக்கமா எட்டு வைக்கிறான்னா டபுள் டீம்தான். கார்டு உன்னை விட்டுட்டு விலகிப் போயி டேக்கிள் மட்டும் இறங்கினா அது டவுன் பிளாக், அதை இதோட குழப்பிக்காத. உன் முதல் எட்டு ஒரு சாணுக்கு மேல வேண்டாம். ரெண்டாவது கால் உடனே தரையில விழணும். அவங்க ரெண்டு பேர் இடுப்பும் ஒட்டுறது அநேகமா ரெண்டாவது எட்டுலதான், ஒட்டினதுக்கப்புறம் 96 கிலோவை வச்சு அதைப் பிரிக்கிறது ரொம்பக் கஷ்டம்.

அடி கார்டு மேலதான். ரெண்டு உள்ளங்கையும் அவன் நெஞ்சுல, கட்டைவிரல் மேல பாத்து, முழங்கை விலாவை ஒட்டி இருக்கணும். முழங்கை விரிஞ்சா அக்குள்ல கையைக் கொடுத்து உன்னைத் தூக்கிடுவான். வெளி இடுப்புல டேக்கிளோட அழுத்தம் பட்டதும், அந்தப் பக்கத் தோளையும் இடுப்பையும் தாழ்த்தி, ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கிற சந்துக்குள்ள சொருகு. பாதி திறந்த கதவுக்குள்ள நுழையற மாதிரி ஒருக்களிச்சுக்கணும். நெஞ்சை அகலமாக் காட்டினா ரெண்டு பேருக்கும் தள்ள இடம் கிடைக்குது. நீ லைன்பேக்கர் மேல போய் விழுறதுக்கு முக்கால்வாசிக் காரணம் அதுவாத்தான் இருக்கும். கால் ரெண்டும் தோள் அகலத்தை விடக் கொஞ்சம் விரிஞ்சு, சின்னச் சின்ன எட்டா ஓடிக்கிட்டே இருக்கணும்.

முட்டி ஊனுறது கடைசி மருந்து. பின்னால நகர ஆரம்பிச்சாச்சு, இனி நிறுத்த முடியாதுன்னு தெரிஞ்சா மட்டும், டேக்கிள் பக்கத்து முட்டியைத் தரையில இறக்கி அவங்க காலடியில குவியலாக் கிட. ஓடி வர்றவன் அந்தக் குவியலைச் சுத்தித்தான் போகணும், அதுக்குள்ள நம்ம ஆளுங்க வந்துடுவாங்க.

உசிலம்பட்டி கார்டு:
நான் எதிர்ப்பக்கத்து ஆளு, அங்க என்ன சொல்லிக் கொடுக்கிறாங்கன்னு சொல்றேன். டபுள் டீம்ல ரெண்டு பேருக்கும் பாடம் ஒண்ணுதான்: இடுப்போட இடுப்பு ஒட்டு, தோளோட தோள் ஒட்டு, நாலு கண்ணும் லைன்பேக்கர் மேல. தள்ளிக்கிட்டே அவனைப் பாக்கணும். அவன் எந்தப் பக்கம் வர்றானோ அந்தப் பக்கத்து ஆள் உன்னை மாதிரி டிஃபன்சிவ் டேக்கிளை விட்டுட்டு அவன் மேல ஏறணும். இதுல எங்களுக்கு ரொம்பத் தொந்தரவு கொடுக்கிறவன் அந்த ஒட்டின இடுப்புக்கு நடுவுல தோளை விடுறவன்தான். ஒட்டு விட்டுப்போனா யாரு ஏறுறது, யாரு நிக்கிறதுன்னு ரெண்டு பேருக்கும் குழம்பிடும்.

முட்டி விஷயத்துல 75 அண்ணன் சொன்னதை இன்னும் கடுமையாச் சொல்லுவேன். சீக்கிரமா முட்டி ஊனுற டிஃபன்சிவ் டேக்கிள் எங்களுக்கு வேலையே வைக்கிறதில்ல. ஒருத்தன் அவன் மேல சாஞ்சுக்குவான், இன்னொருத்தன் தாண்டி லைன்பேக்கர்கிட்டப் போயிடுவான். 96 கிலோ ஆளு அதைப் பழக்கமா வச்சுக்கவே கூடாது.

சட்டம் ரெண்டு தெரிஞ்சுக்க. எங்கள்ல ஒருத்தன் லைன்பேக்கர்கிட்டப் போகும்போது ஜெர்சியைப் பிடிச்சு நிறுத்தினா டிஃபன்சிவ் ஹோல்டிங். என்எஃப்எல்ல (அமெரிக்கத் தொழில்முறை லீக்) 5 யார்டு, கூடவே எதிரணிக்குப் புது ஃபர்ஸ்ட் டவுன், அதாவது முதல்ல இருந்து புது வாய்ப்புகள். அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்துல 10 யார்டு. அவன் போற வழியில உன் உடம்பு கிடக்கலாம், கைதான் பிடிக்கக் கூடாது. அதே மாதிரி, ஒருத்தன் உன்னை மேல பிடிச்சிருக்கும்போது இன்னொருத்தன் தொடையிலயோ அதுக்குக் கீழயோ அடிச்சா சாப் பிளாக், 15 யார்டு. 2016ல இருந்து என்எஃப்எல் அதை முழுசாவே தடை பண்ணிடுச்சு. உங்க ஆட்டத்துல அது நடந்தா அந்த இடத்துலயே ஆட்டத்தை நிறுத்துங்க, முழங்கால் போயிடும்.

மேலூர் லைன்பேக்கர்:
டிஃபன்சிவ் டேக்கிளை மட்டும் குத்தம் சொல்றது நியாயமில்ல. உங்க லைன்பேக்கர் 4, 5 யார்டு பின்னால நின்னு பந்தை வேடிக்கை பாத்தா, டபுள் டீம்காரங்களுக்கு அவசரமே இல்ல, சாவகாசமா உன்னைத் தள்ளிக்கிட்டு அவன்கிட்டயே கொண்டு வந்து சேத்துடுவாங்க. ஓட்டம்னு தெரிஞ்சதும் லைன்பேக்கர் தன் கேப்பை நோக்கி வேகமா முன்னால வந்தாதான் ஒருத்தன் சீக்கிரமா உன்னை விட்டுப் பிரிவான்.

அந்தப் பிரியற நேரத்தைத்தான் நீ காத்திருந்து பிடிக்கணும். இடுப்புல அழுத்தம் திடீர்னு குறையும். அப்போ கார்டு நெஞ்சுல இருக்கிற கையை முழுசா நீட்டி அவனைத் தள்ளிப் பிடி, டேக்கிள் விட்டுப் போன பக்கத்துக் கையை அக்குளுக்குக் கீழே இருந்து மேல வீசி அவன் கையைக் கழட்டு, பந்தைத் தேடிப் போ. கண்ணை மூடிக்கிட்டுத் தள்ளிக்கிட்டே இருந்தா அந்த நேரம் தெரியாமப் போயிடும்.

கோச்கிட்டயும் ஒண்ணு கேளு. ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துல நின்னா அவங்க கணக்குப் போட்டு வச்சிருப்பாங்க. ஸ்னாப்புக்குக் கொஞ்சம் முன்னால அரை ஆள் அகலம் நகர்றது, இல்லேன்னா ஸ்னாப்போட உள்பக்க கேப்புக்குச் சாய்வாப் பாயறது, இப்படி நடுவுல நடுவுல மாத்தினா டேக்கிள் வந்து சேர்றதுக்குள்ள நீ அங்க இருக்க மாட்ட. நீ விடுற கேப்பை லைன்பேக்கர் எடுத்துக்கணும், அதை முன்கூட்டியே பேசி வச்சுக்குங்க.

வைகை வடகரை:
ரொம்ப நன்றிண்ணே. முதல்ல டேக்கிள்கிட்டத் திரும்பி அவனோடதான் மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தேன், இப்பப் புரியுது. இன்னும் ரெண்டு சந்தேகம். என்எஃப்எல் டிஃபன்சிவ் டேக்கிள் ஆரன் டோனல்ட் மாதிரி ரெண்டு பேரையும் பிளந்துக்கிட்டே போறது என் எடைக்கு ஆகுமா? டயரையும் ஷீல்டையும் வச்சு இதை எப்படிப் பழகுறது?

கோரிப்பாளையம் 75:
டோனல்ட் 280 பவுண்டு, ஏறக்குறைய 127 கிலோ. அந்த இடத்துக்கு அது கம்மிதான், 347 பவுண்டுல வீட்டா வேயா மாதிரி ஆளுங்களும் ஆடுற இடம் அது. அப்படியும் 2017, 2018, 2020னு மூணு தடவை அந்த வருஷத்துச் சிறந்த டிஃபன்ஸ் ஆட்டக்காரர் பட்டம் வாங்கினார். அவர்கிட்டப் பாக்க வேண்டியது ஸ்னாப்ல கிளம்புற வேகமும் கையும்தான். அவங்க இடுப்பு ஒட்டுறதுக்குள்ள தோள் சந்துல இருக்கும். உன் எதிராளிங்களும் உன் எடைதான் இருப்பாங்க, அதனால பிளக்கலாம். ஆனா பிளக்க முடியாதபோது நிக்கத் தெரியணும், அதை முதல்ல பழகு.

ஷீல்டோட ரெண்டு பேரை ஒட்டி நிறுத்து. நீ ரெண்டு முட்டியும் தரையில ஊனி, முன்னால இருக்கிறவனை மட்டும் கையால அடிச்சுப் பிடி. பக்கத்து ஆள் உன் இடுப்பை பாதி பலத்துல தள்ளட்டும். நீ தோளைத் தாழ்த்தி, இடுப்பைச் சந்துல விட்டு 5 விநாடி பிடிச்சு நில். பக்கத்துக்கு 6 தடவை, நடுவுல 45 விநாடி ஓய்வு. அது உடம்புல பதிஞ்சதும் மூணு புள்ளி நிலையில (ரெண்டு காலும் ஒரு கையும் தரையில) இருந்து செய்யுங்க. அதுக்கும் மேல, பக்கத்து ஆள் அவன் இஷ்டத்துக்குத் திடீர்னு விலகட்டும், மேலூர்க்காரர் சொன்ன கையை அப்போ பழகு. டபுள் டீம் வருமா, ஒத்தை ஆளா, டவுன் பிளாக்கான்னு முன்கூட்டிச் சொல்லாமச் செய்யறதுதான் கடைசிப் படி.

லாரி டயருக்குள்ள மணல் மூட்டையை வச்சுக் கட்டி, தோளைவிடத் தாழ்ந்து 5 மீட்டர் தள்ளு, 8 தடவை. இடுப்பு மேல எழும்பினா அந்தத் தடவையைக் கணக்குல சேர்க்காத.

பந்தை எறியற பாஸ் பிளேல டபுள் டீம் வேற விஷயம். அங்க ஒரே இடத்துல கிடந்தா பந்தை எறியற குவார்ட்டர்பேக்குக்கு நேரம் கிடைச்சுடும். உனக்கு வெளிப்பக்கம் நிக்கிற டிஃபன்சிவ் எண்டோட இடம் மாத்திப் பாயற ஸ்டண்ட்தான் அதுக்கு வழி. அதுக்குத் தனியா ஒரு கேள்வி போடு.

ஹெல்மெட் இல்லாத நாள்ல தலை யார் மேலயும் படக் கூடாது, கையும் ஷீல்டும் மட்டும். ஹெல்மெட் இருந்தாலும் முகம் மேல பாத்திருக்கணும், குனிஞ்சு உச்சந்தலையால முட்டினா கழுத்து எலும்பு தாங்காது. சித்திரை, வைகாசியில காலை ஏழரைக்குள்ள முடிச்சுடுங்க. முட்டி ஊனுற பயிற்சியைக் கட்டாந்தரையில செய்யாதீங்க, கபடி மேட் யார்கிட்டயாவது கிடைச்சா அதுல செய்யுங்க.