மறு: சோப்புக் குழம்பில் 'ட்ரேஸ்': என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

சோப்புக் குழம்பு அச்சில் ஊற்றும் அளவுக்குக் கெட்டிப்படும் நிலையை ஆங்கிலத்தில் 'ட்ரேஸ்' (trace) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இழை இது.

> 'சுவடு' என்றே வைத்துவிடலாமே. அகராதியிலும் அதுதானே இருக்கிறது.

வைக்கலாம்தான். ஆனால் வேதியியலில் சுவடு ஏற்கெனவே வேறு வேலை பார்க்கிறது. மிகச் சிறிதளவு என்ற பொருளில்தான் சுவட்டுத் தனிமங்கள் என்கிறோம். எரிசோடா (காஸ்டிக் சோடா) சேர்ந்த குழம்பில் 'சுவடு தெரிகிறது' என்று எழுதினால், எரிசோடா கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

எண்ணெயில் எரிசோடாக் கரைசலை ஊற்றிக் கடையும்போது முதலில் ஓரங்களில் எண்ணெய் தனியே மினுங்கும். பிறகு கலவை வெளுத்து ஒரே நிறமாகி, மெல்லக் கெட்டிப்படும். கரண்டியைத் தூக்கிக் கொஞ்சம் ஒழுகவிட்டால், விழுந்த கோடு உடனே அமிழாமல் மேலேயே நிற்கும். இனி அச்சில் ஊற்றலாம். ஆக, நமக்கு வேண்டியது தடத்தின் பெயரல்ல, பதத்தின் பெயர். பாகுக்குக் கம்பிப் பதம் இருப்பதுபோல இதற்குத் 'தடப்பதம்' என்பது என் பரிந்துரை. இளந்தடம், முதிர்தடம் என்று கிளைக்கவும் இடம் தரும். 'வரிப்பதம்' என்றும் யோசித்தேன். கிளைச்சொல்லாகப் 'பொய்வரி' வந்து நின்றதும், வருமான வரிக்காரர்களுக்கே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் 'பொய்' கட்டாயம் வேண்டும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும். கலவை ஆறிப்போனால் வினை நடக்காமலே கொழுப்பு இறுகி, தடம் விழுந்ததுபோலக் காட்டும். இளஞ்சூட்டில் வைத்தால் திரும்ப இளகிவிடும். உண்மைத் தடம் அப்படி இளகாது. இதைப் பொய்த்தடம் எனலாம்.

> 'பால்மநிலை' என்பதே அறிவியல்படி சரி.

அது தடத்துக்கு முந்திய நிலை. எண்ணெயும் நீரும் பிரியாமல் பால்மமாகிவிட்ட பிறகும் கலவை தண்ணியாகவே, கோடு நிற்காமல் இருக்கலாம். வண்ணச் சுழிப்பு போடுகிறவர்கள் அங்கேயே கடைவதை நிறுத்திவிடுவார்கள். இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கட்டும்.

----------

> தடப்பதம்

சொல் நன்றாக இருக்கிறது, ஐயா. ஒரு தயக்கம் மட்டும். 'பதம் வந்துவிட்டது' என்றால் வேலை முடிந்தது என்று புதியவர்கள் நினைத்துவிட மாட்டார்களா? அந்த நேரத்தில் குழம்பு கையில் பட்டால் புண்ணாகிவிடும்.

----------

நியாயமான கேள்வி. பாகிலும் பதம் வந்ததும் அடுத்த வேலையில் இறங்குகிறோமே தவிர, அதோடு முடிவதில்லை. ஆனாலும் விளக்கம் இல்லாமல் சொல்லை மட்டும் விட்டுவிட முடியாது. பதிவில் இப்படிச் சேர்க்கிறேன்:

தடப்பதம்: கடையும் சோப்புக் குழம்பின் மேல் ஒழுகவிட்ட கோடு அமிழாமல் நிற்கும் நிலை. அச்சில் ஊற்றும் தருணம். காரம் இன்னும் முழுதாக வினைப்பட்டிருக்காது. அச்சிலேயே ஓரிரு நாள் வினை தொடரும். கையுறையைக் கழற்றக்கூடாது.

மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். 'மிகைக்கொழுப்பு' (எரிசோடாவுடன் வினைப்படாமல் மிஞ்சும்படி கூடுதலாக விடும் எண்ணெய்) பற்றித் தனி இழையில் பேசுவோம். அங்கே சண்டை பெரிது.